ப ஸ ப ஸ க ப

கிடாரின் ஆறு தந்திகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பெங்களூரில் எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் நாள் இதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இதில் மூன்று தந்திகளை மட்டும், அதாவது ஆறாவது, ஐந்தாவது, முதலாவது தந்திகளை, ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினால் டி, ஜி, டி, ஜி, பி, டி என்று ஆகிவிடும். ஹவாய்த் தீவுகளில் இந்தச் சுருதிக்கு டாரோ பேட்ச் என்று பெயர். இடது கை எதையும் தொடாமல் வலது கை விரல் ஒருமுறை தடவினாலே ஒரு முழுமையான மேஜர் கார்டு ஒலிக்கும். ஹவாய்க்காரர்கள் கீ ஹோஆலு என்றும், மற்றவர்கள் ஸ்லாக் கீ என்றும் சொல்லும் வாசிப்பு முறையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் இந்தச் சுருதிதான். லெனர்ட் க்வான் என்ற மேதையின் ‘ஓபிஹி மொயெமொயெ’ என்ற சிறிய வாத்தியப் பாட்டும் இதில்தான் அமைந்திருக்கிறது. அலை அடிக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சிப்பியின் தூக்கத்தைப் பற்றிய தலைப்பு. அந்தப் பாட்டைத்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் அந்த ஆறு தந்திகளும் என்ன ஸ்வரங்கள்? பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கையும் அனுமந்தரத்திலிருந்து சாரணி வரை வரிசையாக மீட்டிப் பார்த்தால் அங்கேயும் ப, ஸ, ப, ஸ. பசிபிக் நடுவில் மாடு மேய்த்தவர்கள் கிடாரில் சேர்த்த கீழ் நான்கு தந்திகளும், தஞ்சாவூரிலும் மைசூரிலும் வீணையில் சேர்த்த நான்கு தந்திகளும் ஒன்றே. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காதில்தான் முதலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் தாளில் எழுதிப் பார்த்தேன்.

ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டதாக இதிலிருந்து கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் எங்கே இரண்டு தந்திகளைக் கட்டினாலும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும் ஸ்வரங்கள். என் கவனம் வேறொன்றில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஒரு நரம்பு வாத்தியம் அயல் மண்ணில் வந்து இறங்குகிறது. கையில் எடுத்தவர்கள் முதலில் செய்தது என்ன? பிரடையைத் திருப்பினார்கள்.

நம் பக்கம் அது வயலினுக்கு நடந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர்கள். சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலின் பரிசளித்தது 1834இல் என்று சொல்வார்கள். ஐரோப்பியர்கள் நான்கு தந்திகளையும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ஜி, டி, ஏ, ஈ. நம்மவர்கள் அதை மாற்றி ஸ, ப, ஸ, ப என்று வைத்தார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடையில் இடுக்கி வாசித்த வாத்தியம், சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் மார்புக்கும் பாதத்துக்கும் நடுவே இறங்கி அமர்ந்தது.

ஹவாயில் கிடாருக்கு அது நடந்தது ஏறத்தாழ அதே ஆண்டுகளில். 1793இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் முதலாம் கமேஹமேஹா அரசருக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அரசர் அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டார். மாடுகள் பெருகிக் காட்டு மந்தைகளாகி, பயிரையும் வேலியையும் நாசம் செய்தன. 1830களின் தொடக்கத்தில் மூன்றாம் கமேஹமேஹா, மாட்டை அடக்கத் தெரிந்த மெக்சிகோ நாட்டு ஆட்களை வரவழைத்தார். அவர்களோடு கிடாரும் வந்தது. வேலை முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது சில கிடார்கள் தீவிலேயே தங்கிவிட்டன என்று மரபுக் கதை சொல்கிறது. தம் குரலுக்கும் தம் பாட்டுக்கும் ஏற்றபடி ஹவாய்க்காரர்கள் தந்திகளைத் தளர்த்திக்கொண்டார்கள். ஒரு சுருதி அல்ல. குடும்பத்துக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று பல்கிப் பெருகின.

அந்தச் சுருதிகளைக் குடும்பங்கள் பொத்திப் பொத்தி வைத்தன. வாசித்து முடித்துக் கிடாரைக் கீழே வைக்கும்போது பிரடைகளைத் திருகிக் கலைத்துவிட்டுப் போவார்களாம், அடுத்தவர் கை வைத்து இரகசியத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று. ரே கானே என்ற பெரிய வாசிப்பாளர் ஓவாஹு தீவில் நானாகுலி கடற்கரையில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது ஆல்பர்ட் கவேலோ என்பவர் கடற்கரையில் வாசிப்பதைக் கேட்டுக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டார். குடும்பத்துக்கு வெளியே சொல்லித் தருவதில்லை என்று பதில் வந்தது. பையன் கடலில் மூழ்கி மீன் பிடித்து வந்து கொடுத்தான். மீனுக்குப் பாட்டு. 1987இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருதைப் பெற்ற கை, மீன் கொடுத்துக் கற்ற கை. நம் ஊரில் வித்வான் வீட்டில் தண்ணீர் இறைத்து, பெட்டி தூக்கி, வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு வர்ணம் வாங்கியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஏன் இத்தனை இறுக்கம்? பிறரிடமிருந்து மறைத்து வைப்பது என் மனதுக்கு ஒப்பாத காரியம். ஆனால் ஹவாயின் வரலாற்றைக் கொஞ்சம் படித்த பிறகு அந்த மனிதர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1893இல் அவர்களுடைய அரசி லிலிஉஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. வகுப்பறையில் தாய்மொழி வாயடைத்துப் போனது. 1898இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. நிலமும் அரசும் மொழியும் கைவிட்டுப் போன பிறகு ஒரு குடும்பத்திடம் மிஞ்சியது ஆறு தந்திகளின் சேர்க்கை என்றால், அதை வந்தவனுக்கெல்லாம் காட்ட யாருக்கு மனம் வரும்?

இதனால்தான் 1960ஐ நான் பெரிய ஆண்டாக நினைக்கிறேன். அந்த ஆண்டு லெனர்ட் க்வான் ஸ்லாக் கீ வாசிப்புக்கு முதல் பயிற்சிப் புத்தகத்தை வெளியிட்டார். தந்திகளை எப்படிச் சேர்ப்பது, எந்த ஃப்ரெட்டில் எந்த விரல் என்று அச்சில் வைத்தார். க்வான் 1931இல் பிறந்தவர், 2000இல் மறைந்தார். இடையில் அந்த மரபு அருகிப் போய், 1970களில் ஹவாய் மொழியும் நடனமும் இசையும் புத்துயிர் பெற்றபோது இளைஞர்களின் கையில் பிடிமானம் இருந்ததற்கு அவரைப் போன்றவர்கள் காரணம். இரகசியத்தை முதலில் திறந்து வைத்தவரின் பாட்டில் தொடங்குவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.

இந்தியாவில் ஹவாயன் கிடார் என்றால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். மடியில் படுக்க வைத்து, தந்திமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிப்பது. அதன் மூலவராக ஹவாயில் கொண்டாடப்படுகிறவர் 1874இல் லாயியே ஊரில் பிறந்த ஜோசப் கெகூகூ. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்க் குழுக்கள் வாசித்த பிறகு அந்த ஓசை உலகம் சுற்றியது. டவ் மோ என்ற கலைஞர் குடும்பத்தோடு ஆசியா முழுக்கச் சுற்றி 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்து அது வங்காளி வீடுகளுக்கும் பம்பாய்ப் படப் பாட்டுக்கும் போனது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ தட்டைக் கேட்காத இசைப் பிரியர் குறைவு. பிறகு விஸ்வ மோகன் பட், தேபாஷிஷ் பட்டாச்சார்யா. பெங்களூரிலேயே பிரகாஷ் சொன்டக்கே இருக்கிறார்; ஹிந்துஸ்தானியை மடிக் கிடாரில் கேட்க நான் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. நமக்கோ அதற்கும் முன்பே கோட்டுவாத்தியம் இருந்தது. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மரக்கட்டையை வழுக்கித்தான் கமகம் பேச வைத்தார்கள்.

வழுக்கும் கிடார் இங்கே வேர் பிடித்தது. தளர்த்திய கிடார் வரவே இல்லை. ஒரே தீவுகளில் பிறந்த இரண்டில் ஒன்று மட்டும் ஏன் கடல் கடந்தது? வழுக்கும் கிடார் பாடுகிற குரலைப் போல் இழைகிறது. ராகத்துக்கு வேண்டியது அதுதான் என்பது ஒரு காரணம். மேடை இன்னொரு காரணம். வழுக்கும் கிடார் மேடைக்கு ஏறியது, கப்பல் ஏறியது, ரேடியோவில் ஏறியது. தளர்த்திய கிடாரோ வீட்டுத் திண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் உறவுக்காரர்கள் நடுவிலும் இருந்துவிட்டது. கேபி பஹினூயி, 1921இல் பிறந்து 1980இல் இறந்த மாபெரும் கலைஞர், ஹோனோலூலுவில் சாலை போடும் தொழிலாளியாகக் கடப்பாரை பிடித்தவர். 1946இல் அவர் பதிவு செய்த ‘ஹிஇலாவே’ ஸ்லாக் கீ ஒலித்தட்டுகளில் முன்னோடி. ஆனால் அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்வது வைமானாலோ ஊரில் அவர் வீட்டுக் கொல்லையில் வார இறுதி முழுக்க நடந்த வாசிப்பைத்தான். அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடர் 1970களில் அவரைத் தேடிப் போய் உடன் வாசித்தார். 1975இல் ஒரு தட்டு வந்தது. அதே ரை கூடர்தான் பின்னால் விஸ்வ மோகன் பட்டோடு உட்கார்ந்து, 1993இல் வெளிவந்து கிராமி வாங்கிய ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பத்தை வாசித்தவர். இரண்டு கிடார்களும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் சந்தித்துக்கொண்டன. இந்தியாவில் இன்னும் சந்திக்கவில்லை.

பெங்களூர் கிடாருக்குப் பழகிய ஊர். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் ஆங்கிலோ இந்திய வீடுகளிலும் அது மர பீரோவைப் போலப் பரம்பரைச் சொத்து. அதற்குப் பிறகு வந்த தலைமுறை ராக் வாசித்தது. இங்கே கிடார் வாசிக்கிறேன் என்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். தந்தியைத் தளர்த்தி வாசிக்கிறேன் என்றால்தான் கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் நின்று கேட்கிறார்கள். தளர்ந்த ஆறாம் தந்தி ஃப்ரெட்டில் பட்டு அதிரும். கொஞ்சம் கனத்த தந்தி போட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னது உண்மை.

பாட்டின் உயிர் கட்டைவிரலில் இருக்கிறது. அது கீழ்த் தந்திகளில் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கும். எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தந்திகளில் பாட்டை எடுக்கும். வீணையில் சுண்டு விரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டும் வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது என்று புரிந்த பிறகு பாதி பயம் போனது. மீதிப் பாதி எடுப்பில் இருந்தது. பாட்டு அடிக்கடி அடிக்குச் சற்று முன்பே எழுந்துவிடுகிறது, அதீத எடுப்பு போல. கட்டைவிரல் சமத்தில் நிற்க, விரல்கள் ஒரு நினைப்பு முன்னால் போக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கற்றுச் சேர்க்க முடியாது. மிக மெதுவாக, சேர்த்தேதான் கற்க வேண்டும். ஒரு மீட்டில் இரண்டு ஸ்வரம் பேச வைக்கும் இடங்கள் நிறைய வரும். இடது விரல் தந்தியைத் தட்டி மேல் ஸ்வரத்தை எழுப்பும், அல்லது கிள்ளிக் கீழ் ஸ்வரத்தை விடும். தந்தியை இழுத்து வளைப்பது இல்லை.

அந்த நிதானத்தை நான் ஏற்கெனவே ஓர் இடத்தில் கேட்டிருக்கிறேன். மைசூர் வீணையில். வீணை சேஷண்ணா வழி வந்த மைசூர் பாணியில் தந்தியை அதிகம் இழுக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் நகத்தால் தெளிவாக மீட்டப்பட்டு, தன் இடத்தில் நின்று ஒலித்து அடங்கும். பெங்களூர் வானொலி நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய வீணை தொரைசாமி ஐயங்காரின் பதிவுகளில் இரண்டு மீட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பாட்டாகிவிடும். க்வானின் வாசிப்பிலும் அந்த இடைவெளி இருக்கிறது. அவசரம் காட்டாத கை. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

மல்லேஸ்வரத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் வீணை சொல்லித் தருகிறார். கிடாரை எடுத்துப் போய் வெறும் தந்திகளை மீட்டிக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. “சுருதி சுத்தமா இருக்கு. மேல காந்தாரம் எதுக்கு?” என்றார். பாட்டின் முதல் பகுதியை வாசித்தேன். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டார். “சங்கராபரணம்தான். நோட்டுஸ்வரம் மாதிரி இருக்கு, குழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்.” பிறகு ஸ்லாக் கீ பாட்டுகளில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் அந்தச் சின்னத் திருப்பம் வந்தது. டி செவன்த் என்ற கார்டுக்குப் போய், அங்கிருந்து ஜிக்குத் திரும்பும் இடம்.

“நிறுத்து, நிறுத்து. ஸா எங்க போச்சு?”

“வந்துடும் மாமி, ரெண்டு அடியில வந்துடும்.”

“வரும் சரி. ஆனா ஸாவ எப்படி விட முடியும்?”

அந்தக் கேள்விக்கு என்னால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கார்டில் இருப்பவை பஞ்சமம், நிஷாதம், ரிஷபம், மத்யமம். ஸட்ஜம் இல்லை. கட்டைவிரலும் ஸட்ஜத் தந்தியை விட்டுப் பஞ்சமத்துக்குப் போய்விடுகிறது. சில நொடிகளுக்குப் பாட்டு தன் ஆதாரத்தை விட்டு வெளியே நிற்கிறது. நம் இசையில் இது நடப்பதில்லை. ராகம் எத்தனை தூரம் போனாலும் தம்புரா பின்னால் ஸட்ஜத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்கிறவர் மறந்தாலும் அது மறக்காது. சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் திருப்பத்தை வாசித்தால் ஸட்ஜமும் நிஷாதமும் முட்டிக்கொள்கின்றன. மாமி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அணைச்சுடு, பாட்டுக்கு இது வேண்டாம்” என்று தானே எழுந்து பெட்டியை அணைத்தார். அந்தக் கையின் நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன். ஐம்பது வருடமாகச் சுருதிப் பெட்டி இல்லாமல் வாசிக்காதவர்.

பெட்டி நின்ற பிறகு இன்னொரு முறை வாசித்தேன். ஆதாரம் போய்விட்டு வந்தது. வரும்போது கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் விழுந்தது. தம்புராவின் ஸட்ஜம் எப்போதும் இருக்கும் ஸட்ஜம். இது திரும்பி வரும் ஸட்ஜம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்று மற்றதைவிட உயர்ந்ததும் அல்ல. தந்தி நான்கும் ஒன்றாக இருந்தும் இரண்டு இசைகள் பிரியும் இடம் இந்த இரண்டு அடிகள்தான். எனக்கு இந்தப் பாட்டில் மிகக் கடினமானதும் இதுவே. இடது கைக்குச் சிரமமில்லை. ஸட்ஜம் இல்லாத நொடிகளில் காது பதறி, விரல் அவசரப்பட்டுத் திரும்ப ஓடி வரும். ஓடி வரக் கூடாது. வெளியே நிற்க வேண்டிய நேரம் முழுக்க நிற்க வேண்டும்.

மாமி நோட்டுஸ்வரம் என்றது தற்செயல் அல்ல. மணலியில் இருந்த காலத்தில் முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்ட் இசையின் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சம்ஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவற்றை இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள். தீட்சிதர் பெயரைச் சொல்லியே பாடுகிறார்கள். மூல மெட்டைச் செய்த ஆங்கிலேயனின், ஐரிஷ்காரனின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. க்வானின் பாட்டுக்கு அது நேரக் கூடாது. நண்பர்கள் வீட்டில் வாசிக்கும்போது, கச்சேரியில் இன்னார் கிருதி என்று சொல்வதைப் போல, லெனர்ட் க்வானின் பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பூமாலையும் மணலும் தென்னையுமாக விற்கப்படும் ஹவாயோடு இதைச் சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள் என்றும் சொல்கிறேன். மேடையில் வாசிக்கக் கேட்டால் மறுக்கிறேன். அறையில் இருக்கும் நாலைந்து பேருக்குக் கேட்கும் அளவில் இந்த இசை முழுமையாக இருக்கிறது. ஒலிபெருக்கியில் பெரிதாக்கினால் கட்டைவிரல் தந்தியைத் தொடும் ஓசை போய்விடும், அது போனால் பாட்டில் பாதி போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது மூன்றாம் தந்தியையும் தளர்த்தியிருக்கிறேன். ஜியிலிருந்து அரை ஸ்வரம் இறக்கினால் காகலி நிஷாதம். ஹவாயில் இதை வாஹினே வகைச் சுருதி என்பார்கள். ப ஸ ப நி க ப. கீழே ஐந்தாம் தந்தியில் ஸட்ஜம் அப்படியே இருக்கிறது. மேல் ஸட்ஜம்தான் வெறும் தந்தியில் இனிக் கிடைக்காது. நிஷாதத்தை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஃப்ரெட்டில் விரலைத் தட்டி ஒவ்வொரு முறையும் அதை உண்டாக்க வேண்டும். ரே கானேயின் பதிவுகளில் இந்த நிஷாதம் ஸட்ஜத்தைத் தொடும் இடங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். அவர் விரல் தட்டுவதற்கு முன் நிஷாதத்தை எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறார் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது.